ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் மகன், துருப்பிடித்த பழைய பிக்கப் ஒன்றை வாங்கித் திருத்தப் போகிறேன் என்கிறான். விடலாமா, எவ்வளவு செலவாகும்?

விடலாம்.

உங்களுக்கு வேண்டியது ‘வேண்டாம்’ என்ற பதில் என்றால் சொந்தக்காரர்களிடம் கேளுங்கள், காசில்லாமல் கிடைக்கும். எனக்கும் நிறையக் கிடைத்தது.

உங்கள் வீட்டு நிலைமையை ஓரளவு ஊகிக்க முடிகிறது. பையன் ஏற்கெனவே வண்டியைப் போய்ப் பார்த்துவிட்டான், விலையும் பேசிவிட்டான், இப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறான். அவன் அப்பா ‘உன் இஷ்டம்’ என்று சொல்லி நழுவிவிட்டார். ஏ.எல். (உயர்தர) படிப்பு கெட்டுப்போகுமோ என்பதுதான் உங்கள் பயம். சரிதானே?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். கீழே ஏதாவது தொழில்முறைப் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் திருத்தட்டும். ‘வசதியான வீட்டுப் பொழுதுபோக்கு’ என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். நான் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவள். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒரு தடவை வருவார். எங்களிடம் இருந்த ஒரே வசதி, வீட்டுப் பக்கச் சுவரோடு சாய்த்துப் போட்ட தகரக் கொட்டகை.

2021ஆம் ஆண்டுக்கான ஓ.எல். பரீட்சை கொரோனாவால் தள்ளிப்போய் 2022 மே மாதக் கடைசியில்தான் தொடங்கியது. முடிவு வந்தது நவம்பரில். நடுவில் இருந்த அந்த மாதங்கள் எப்படி இருந்தன என்று இலங்கையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பெட்ரோல் கியூ, கேஸ் கியூ, மின்வெட்டு, பஸ் இல்லை, டியூஷன் இல்லை. பதினாறு வயதுப் பையன் போனை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தான். பெட்ரோலே இல்லாத நாட்டில் ஓடாத வண்டி ஒன்றை வைத்திருப்பதில் என்ன நஷ்டம் என்று அவன் கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

வண்டி டட்சன் 1200 பிக்கப். கந்தப்பளையில் மரக்கறித் தோட்டம் செய்யும் எங்கள் தூரத்து உறவு ஒருவருடையது. 2021இல் ரசாயன உரத்தைத் தடைசெய்தார்களே, அதோடு அவருடைய லீக்ஸும் கரட்டும் படுத்துவிட்டன. ஏற்ற ஒன்றும் இல்லாமல் வண்டி தோட்ட ஓரத்தில் நின்றது, மழையும் பனியும் மீதியைப் பார்த்துக்கொண்டன. வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலிருந்து நின்றுபோயிருந்ததால் கட்டை வண்டிக்கெல்லாம் யானை விலை சொன்ன நேரம் அது. அவர் நல்ல மனிதர், பழைய இரும்புக்காரன் கேட்ட விலைக்கே கொடுத்தார். லொறியிலிருந்து இறக்கும்போது என் மாமனார் வாசலில் நின்று, “செத்த மாட்ட எதுக்கும்மா வீட்டுக்குக் கொண்டாந்த?” என்று கேட்டார்.

இனி உங்களுக்குப் பயன்படும் விஷயம். துரு எல்லாம் ஒரே துரு இல்லை. எங்களுக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர் பக்கத்தில் இருந்த டிங்கர் பாஸ் (வண்டித் தகடு திருத்தும் மேஸ்திரி). பெயின்ட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை மகன் கையில் கொடுத்து, “தம்பி, அடியில போய் குத்திப் பாருங்க. கிண்ணுன்னு கேட்டா இரும்பு. பொதுக்குன்னு உள்ள போனா இரும்பு இல்ல” என்றார். அவன் மண்ணில் மல்லாந்து படுத்துக்கொண்டு சேசி (வண்டியின் அடிச்சட்டம்) முழுக்கக் குத்தினான். பொதுக்கென்று போன இடங்களைச் சுற்றிச் சோக்கட்டியால் வட்டம் போட்டான் (என் பாடசாலைச் சோக்கட்டி). சாரதி காலுக்குக் கீழே இருந்த தகடு முழுக்க வட்டம். கெபின் சேசியில் உட்காரும் மூலைகளில் வட்டம். நல்லவேளை, பின் ஸ்பிரிங் மாட்டும் இடம் கிண்ணென்றது. அதுவும் போயிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன் என்றார் பாஸ்.

பின் தட்டுதான் மோசம். மரக்கறிக்காரர்கள் கோழி எரு ஏற்றுவது உங்களுக்குத் தெரியும். அந்த எரு, தட்டுக்கும் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையில் போய் இறுகி, எப்போதும் ஈரமாக உட்கார்ந்திருந்தது. மகன் சுரண்டச் சுரண்டத் தகடு அடுக்கடுக்காகக் கையோடு வந்தது, நாற்றம் அடுக்களை வரைக்கும் வந்தது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று செய்வதை நம் பக்கத்தில் எருவும் உரமும் செய்துவிடுகின்றன. அதனால் நீங்கள் பார்க்கும் வண்டி இதுவரை என்ன ஏற்றியது என்று கட்டாயம் கேளுங்கள். கையோடு ஒரு காந்தமும் கொண்டு போங்கள். பெயின்ட் பளபளவென்று இருந்தும் காந்தம் ஒட்டவில்லை என்றால், உள்ளே ஓட்டையைப் பசை போட்டு நிரப்பி மெழுகியிருக்கிறார்கள்.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. 1171 சி.சி., நாலு சிலிண்டர், பிளக்குக்குப் பொறி கொடுக்க ஒரு பொயின்ட், பெட்ரோலையும் காற்றையும் கலக்க ஒரு காபரேட்டர், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, அதனால்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்ள இந்த மாதிரி வண்டி நல்லது. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் டீசலும் எஞ்சின் ஒயிலும் ஊற்றிவிட்டு ஊற விட வேண்டும். அந்த டீசலுக்கே லொறிக்காரர் ஒருவரிடம் சோடாப் போத்தலோடு போய் நின்றோம். அப்புறம் எஞ்சின் முன்பக்கப் புல்லி (பெல்ட் ஓடும் கப்பி) நட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக ஆட்ட வேண்டும், ஆத்திரத்தில் பலம் போடக் கூடாது. நான் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், “அம்மா, அசையுது!” என்று கத்தினான். போய்ப் பார்த்தேன், ஒரு விரலகலம் அசைந்திருந்தது. மெசினே ஓடியது மாதிரி இருவரும் நின்று சிரித்தோம்.

பெட்ரோல் டேங்கில் ஊசி ஓட்டைகள் இருந்தன. தெரிந்த ஒருவர் ‘வெல்டிங் வைத்துத் தருகிறேன்’ என்று வந்தார், பாஸ் விடவில்லை. டேங்க் காலியாக இருந்தாலும் உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும், நெருப்புப் பட்டால் வெடிக்கும். உங்கள் பையனுக்கு இதை நூறு தடவை சொல்லுங்கள். வண்டியை உயர்த்தினால் கீழே சீமெந்துக் கல் வைக்க வேண்டாம், பாரத்தில் அது திடீரென்று நொறுங்கும். பழைய பிறேக் லைனிங் தூசியை ஊதவும் கூடாது, அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், ஈரத் துணியால் துடைக்க வேண்டும். கிரைண்டர் பிடித்தால் கண்ணாடி. மின்வெட்டு அட்டவணை பார்த்துத்தான் எங்கள் வீட்டில் கிரைண்டர் ஓடியது, மற்ற நேரம் எல்லாம் கம்பி பிரஷ்ஷும் கையும்தான்.

சாமான்களுக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தை இருக்கிறது. வீட்டுக்காரர் மாதாமாதம் ஹட்டன் பஸ்ஸில் வரும்போது பிஸ்கட் பையோடு கிளச் பிளேட், பொயின்ட், கொன்டென்சர் என்று ஏதாவது இருக்கும். பிறேக் சாமான் மட்டும் பழையது வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சிலிண்டர் ரப்பர், ஹோஸ் எல்லாம் புதிது, அதையும் பாஸ் பக்கத்தில் இருக்கும்போதுதான் மாட்ட வேண்டும். நம் பக்கத்து றோட்டில் கீழே இறங்கும்போது பிறேக் போனால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கதை இருக்கிறது. டிரம் பிறேக்கை இறக்கம் முழுக்க மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பாஸ் சொன்னது என் மனசிலும் பதிந்துவிட்டது, எனக்கு ஓட்டத் தெரியாது என்றாலும்.

ஓடத் தொடங்கியதும் ஒரே கறுப்புப் புகை, பிளக்கெல்லாம் கரி. கடல் மட்டத்துக்குக் கணக்காக வைத்த காபரேட்டருக்கு, தலவாக்கலை மாதிரி 1200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, பெட்ரோல் கூடுதலாகிவிடும். சின்ன ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போட்டதும் அடங்கியது. புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வரி அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது என்பதால் இதைக் கவனியுங்கள்.

கடதாசி விஷயத்தை முதலில் சொல்லியிருக்க வேண்டும், பரவாயில்லை. பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கமும் சேசி இலக்கமும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஓப்பன் பேப்பரில், அதாவது பதிவில் பெயர் மாற்றாமலே, நாலு கை மாறிய வண்டி என்றால் பையன் அழுதாலும் வாங்காதீர்கள். நிறமும் அதில் பதிவாகியிருக்கும். என் மகனுக்குக் கறுப்பு ஆசை, பதிவில் நீலம், நீலமே அடித்தான். மாற்றினால் அதைப் பதிய மறுபடி அலைய வேண்டும்.

அலைச்சல் என்றதும் வயிற்றெரிச்சல் வருகிறது. பெயர் மாற்றும் வேலைக்காகப் போன ஓர் அரச அலுவலகத்தில் என்னிடம் நீட்டிய படிவம் முழுக்கச் சிங்களம். தமிழில் இல்லையா என்று கேட்டேன். முடிந்துவிட்டது என்றார்கள். அடுத்த தடவையும் முடிந்துவிட்டதாம். 1987இல் 13ஆம் திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழி என்று எழுதியாகிவிட்டது. நுவரெலியா மாவட்டத்தில் பெரும்பான்மையும் நாங்கள்தான். இருந்தும் ஊருக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் டீச்சர், வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்த பையனுக்குக் காசு கொடுத்துத் தன் பெயரை எழுதுவித்துக்கொண்டு வந்தேன். வண்டியின் இலக்கத் தகடும் அந்தக் காலத்தது, நடுவில் சிங்கள ஸ்ரீ. மாமனார் அதைப் பார்த்துவிட்டு, ‘இந்த எழுத்தை அழிக்கத்தான் 1958இல் தார் வாளியோடு அலைந்தார்கள்’ என்று மகனுக்குக் கதை சொன்னார். பாடப்புத்தகத்தில் அவன் படிக்காத கதை. சரி, கேள்விக்கு வருகிறேன்.

படிப்பு கெடுமா? எங்கள் வீட்டில் கெடவில்லை. ஓ.எல். முடிவு நன்றாகவே வந்தது, ஆனால் பரீட்சை வண்டிக்கு முன்பே எழுதியாகிவிட்டதே, அதனால் அதை வண்டிக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஏ.எல்.லுக்குத் தொழில்நுட்பப் பிரிவு எடுத்தான். ‘டீச்சர் மகன் கராஜில் கிரீஸ் பூசிக்கொண்டு நிற்கிறான், கடைசியில் இவனும் பாஸ்தான்’ என்று சொன்ன அதே அத்தை, போன வருடம் ஃபிரிட்ஜ் ஏற்ற நீலப் பிக்கப்பைக் கேட்டு போன் பண்ணினார். மகன் போய் ஏற்றிக் கொடுத்தான். நான் என்றால் போயிருக்க மாட்டேன். பதினெட்டு முடிந்து லைசன்ஸ் எடுக்கும் வரை அவனை றோட்டில் ஓட்ட விடவில்லை, நீங்களும் விடாதீர்கள். கொட்டகைக்கும் வாசலுக்கும் இடையில் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டட்டும்.

ஒன்றே ஒன்று, நீங்கள் கை வைக்காதீர்கள். எங்கள் வீட்டுக்காரர் ஒரு தடவை லீவில் வந்து, பையன் பாதியில் வைத்திருந்த காபரேட்டரைத் தானே பூட்டி முடித்துவிட்டார். உதவிதான் செய்தார், பாவம். அந்தச் சனி ஞாயிறு முழுக்க மகன் கொட்டகைப் பக்கமே போகவில்லை.

எவ்வளவு செலவாகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2022 விலையை இன்றைக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு செய்தால் தெரியாது, கூட்டிப் பார்த்தால் தூக்கம் வராது. விற்று லாபம் பார்க்கும் நினைப்பு இருந்தால் இதைத் தொடவே வேண்டாம்.

டயரை மறந்துவிட்டேன். றோட்டில் படும் பட்டன் தேயாமல் இருக்கிறது என்று வண்டிக்காரர் காட்டுவார், அதை நம்ப வேண்டாம். பக்கவாட்டில் சின்ன வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 2315 என்றால் 2015இன் 23ஆம் வாரம் செய்தது. எங்கள் ஸ்பெயார் வீலில் மூன்று இலக்கம்தான் இருந்தது, அதாவது 2000க்கு முந்தியது. உறவுக்காரர் அதைப் ‘புது டயர்’ என்று சொல்லித்தான் தந்தார்.