வார இறுதிப் பயணமும் வதிவிட அட்டையும்: வாசகர் கேள்வி - பதில்

ஐரோப்பாவில் படிக்கும் பிள்ளைகளின் சனி, ஞாயிறு பயணங்கள் பற்றி இம்முறை பல கடிதங்கள் வந்திருக்கின்றன. பெற்றோரும் எழுதியிருக்கிறார்கள், போவதற்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் மாணவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: மகன் ஜேர்மனியில், டோர்ட்முண்டில் படிக்கிறார். அவருடைய சித்தப்பா குடும்பம் சுவிஸில், பேர்ண் நகரில் இருக்கிறது. சனி, ஞாயிறில் அங்கே போய்வர ஆசைப்படுகிறார். சுவிஸுக்குத் தனி விசா வேண்டும் என்கிறார் ஒருவர். 90 நாள் நிற்கலாம் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?
- ஒரு தாய், கொக்குவில்

பதில்: இரண்டாமவர் சொன்னதே சரி, அம்மா. சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கன் வலயத்தில், அதாவது பொது விசா விதிகளோடு ஒன்றாக இயங்கும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டில், இருக்கிறது. ஜேர்மனி கொடுத்த வதிவிட அனுமதி அட்டையும் செல்லுபடியான கடவுச்சீட்டும் கையில் இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்குத் தனி விசா தேவையில்லை. அட்டை இன்னும் கைக்கு வராமல், மாணவராகப் போகும்போது குத்தப்பட்ட நீண்டகால 'டி' விசா நடப்பில் இருந்தாலும் போகலாம்.

எல்லை இதுதான்: எந்த 180 நாளை எடுத்துப் பார்த்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் ஜேர்மனிக்கு வெளியே, மற்ற ஷெங்கன் நாடுகளில் நின்றிருக்கக்கூடாது. போன நாளும் திரும்பிய நாளும் முழு நாட்களாகவே கணக்கில் வரும். வெள்ளி இரவு போய் ஞாயிறு திரும்பினால் மூன்று நாள். 180 நாளில் வரும் வார இறுதிகள் 26 என்று வைத்தாலும் 78 நாள்தான். ஆகவே கிழமை தவறாமல் போனாலும் மகன் எல்லையைத் தாண்டமாட்டார். கோடை விடுமுறை முழுவதும் சித்தப்பா வீட்டில் நின்று, அதற்கு முன்னும் பின்னும் வார இறுதிகளைச் சேர்க்கும்போதுதான் கணக்குப் பிழைக்கும்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று நம்மவரிடையே சாதாரணமாக நடக்கிறது. சித்தப்பாவுக்கோ அவருடைய நண்பருக்கோ கடை இருக்கும். "சனிக்கிழமை சும்மாதானே நிற்கிறாய், வந்து கை கொடு" என்பார்கள். ஜேர்மன் அட்டை தரும் வேலை அனுமதி ஜேர்மனிக்குள் மட்டுமே. சுவிஸிலோ பிரான்ஸிலோ சொந்தக்காரர் கடையில் நின்றாலும் அது அனுமதியற்ற வேலைதான். பிடிபட்டால் கடைக்காரருக்கும் தண்டம், மகனின் அடுத்த அனுமதிப் புதுப்பிப்புக்கும் ஆபத்து. இதை மகனுக்கும் சொல்லுங்கள், சித்தப்பாவுக்கும் சொல்லுங்கள்.

கடவுச்சீட்டு, அட்டை இரண்டும் மூலப்பிரதியாகக் கையில் இருக்கவேண்டும். கைத்தொலைபேசியில் எடுத்த படம் உதவாது. 2024 செப்டம்பர் முதல் ஜேர்மனி தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனையை விரித்திருக்கிறது. சுவிஸ் எல்லை நகரான பாசலில் இருந்து திரும்பும் ரயிலில் பொலிஸார் ஏறிக் கேட்பது வழக்கம்.

சுவிஸுக்கென்று தனியாக மூன்று விடயங்கள். முதலாவது மருத்துவக் காப்புறுதி. ஜேர்மன் அரச காப்புறுதி அட்டையின் பின்பக்கம் ஐரோப்பிய சுகாதார அட்டையாகவும் இருக்கும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் திடீர் நோய்க்கு அது உதவும். ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அது சுவிஸ், டென்மார்க், நோர்வே, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளில் செல்லாது. நம்மவர் சொந்தங்கள் நிறைந்த நாடுகளில் மூன்று அதில் வந்துவிடுகின்றன. ஆண்டு முழுவதற்குமான வெளிநாட்டுப் பயணக் காப்புறுதி ஒன்றைத் தனியாக எடுக்கவேண்டும். மாணவருக்கு அது பெரிய செலவல்ல. பனியில் வழுக்கிக் கை முறிந்து சுவிஸ் ஆஸ்பத்திரிக்குப் போனால் வரும் பில் பெரிய செலவு.

இரண்டாவது தொலைபேசி. ஐரோப்பிய ஒன்றியத்தின் இலவச ரோமிங் சட்டம் சுவிஸுக்குப் பொருந்தாது. சில ஜேர்மன் சிம் நிறுவனங்கள் தாமாகவே சுவிஸைச் சேர்த்திருக்கும், பல சேர்ப்பதில்லை. பார்த்து உறுதி செய்யாவிட்டால் எல்லை தாண்டுமுன் டேட்டாவை நிறுத்தச் சொல்லுங்கள். பாசல் நிலையத்தில் இறங்கி வழி பார்க்கும் பத்து நிமிடத்திலேயே கட்டணம் ஏறிவிடும். மூன்றாவது, சித்திக்கு ஆட்டிறைச்சி வாங்கிப்போவதென்றால் சுவிஸுக்குள் ஆளுக்கு ஒரு கிலோவரைதான் வரியில்லாமல் கொண்டுபோகலாம்.

கேள்வி: ஒக்டோபரில் ஜேர்மனி போகிறேன். மாதம் ஒரு டிக்கெட்டில் நாடு முழுவதும் சுற்றலாம் என்கிறார்களே, உண்மையா?
- மாணவர், சாவகச்சேரி

பதில்: உண்மை, ஆனால் ரயிலின் பெயரைப் பார்த்து ஏறவேண்டும். 'டொய்ச்லான்ட் டிக்கெட்' 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. பல பல்கலைக்கழகங்களில் அதன் மாணவர் வடிவம் தவணைக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். அனுமதிக் கடிதத்தில் அதைப் பார்க்காமல் தனியாக வாங்கி இரண்டு தரம் கட்டாதீர்கள். தனியாக வாங்கினால் அது மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கும் சந்தா. நிறுத்த நினைக்கும் மாதத்தின் 10ஆம் திகதிக்குள் இரத்துச் செய்யவேண்டும். 11ஆம் திகதி செய்தால் அடுத்த மாதக் காசும் போகும்.

'ஆர்ஈ', 'ஆர்பி', 'எஸ்' என்று தொடங்கும் பிராந்திய ரயில்களிலும் நகர பஸ், டிராம், சுரங்க ரயில்களிலும் இது செல்லும். 'ஐசிஈ', 'ஐசி', 'ஈசி' என்ற விரைவு ரயில்களில் செல்லாது. உங்கள் ஆர்ஈ ரயில் தாமதமானது என்பதற்காக அதே டிக்கெட்டோடு ஐசிஈயில் ஏற முடியாது. அங்கே அது டிக்கெட் இல்லாப் பயணம். பயணச் செயலியில் தேடும்போது பிராந்திய ரயில்கள் மட்டும் என்ற தெரிவை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

எல்லையோர நிலையங்கள் சிலவற்றிலும் இது செல்லும். சால்ஸ்பூர்க் பிரதான நிலையம் ஒஸ்திரியாவில் இருக்கிறது, அதுவரை போகலாம். பாசலிலும் 'பாடிஷர் பான்ஹோஃப்' என்ற நிலையம்வரை செல்லும். அதற்கப்பால் சுவிஸ் டிக்கெட் தனி.

என்றாலும் தூரத்தைப் பாருங்கள். டோர்ட்முண்டில் இருந்து பாசலுக்கு ஐசிஈயில் சுமார் ஐந்தரை மணி நேரம். பிராந்திய ரயில்களில் மாறி மாறிப் போனால் ஒரு பகல் முழுவதும் போய்விடும், இரண்டு நாள் பயணத்தில் அது கட்டாது. அப்படியான தூரத்துக்கு ஐசிஈயின் முன்பதிவு மலிவு டிக்கெட்டைச் சில கிழமைகளுக்கு முன் எடுங்கள். அது குறித்த ரயிலுக்கு மட்டுமே செல்லும். போய்ச் சேர 20 நிமிடமோ மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டுப்பாடு நீங்கி வேறு ரயிலில் போகலாம். ஒரு மணி நேரம் தாமதித்தால் கட்டணத்தில் 25 வீதம், இரண்டு மணி நேரமென்றால் 50 வீதம் திருப்பிக் கேட்கலாம்.

63 யூரோ டிக்கெட் முழுப் பலன் தருவது இரண்டு, மூன்று மணி நேர வட்டத்துக்குள். டோர்ட்முண்டை வைத்தே சொன்னால், கோல்ன் பேராலயத்தின் 533 படிகளையும் ஏறிவிட்டு அன்றிரவே அறைக்கு வரலாம். ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் ஆர்ஈ ரயிலில் ஏறினால் எட்டிவிடும் தூரம். நிலையத்தில் இருந்து ஊன்ட்ரொப் பகுதிக்கு பஸ் எடுக்கவேண்டும். தேர்த் திருவிழா கோடை தொடங்கும் காலத்தில் வரும். அன்றைக்கு நல்லூர்த் தேர் போலச் சனம் சேரும், பஸ்ஸும் நிரம்பிவிடும்.

ஞாயிறு இரவு கடைசி ரயிலை மட்டும் நம்பவேண்டாம். அதற்கு முந்திய ரயிலில் ஏறத் திட்டமிட்டால், அது இரத்தானாலும் கையில் இன்னொன்று இருக்கும்.

கேள்வி: லெஸ்டரில் படிக்கும் அக்காவுக்கு பிரித்தானிய மாணவர் விசா இருக்கிறது. பரிஸில் லாச்சப்பலுக்குப் போய் மாமா வீட்டில் இரண்டு நாள் நிற்கலாமா?
- தங்கை, சுன்னாகம்

பதில்: ஷெங்கன் விசா எடுத்தால்தான் போகலாம். பிரித்தானியா ஷெங்கனில் இல்லை. கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் அதற்கு மேல். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னிருந்து 15 நாளுக்கு முன்வரை விண்ணப்பிக்கலாம். முடிவு 15 நாளில் வரவேண்டும் என்பது விதி, சிக்கலான விண்ணப்பம் 45 நாள்வரை இழுக்கும். கோடையில் நேர ஒதுக்கீடு கிடைப்பதே கடினம். ஈஸ்டர் விடுமுறைக்குப் போவதென்றால் ஜனவரியிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

30,000 யூரோ பெறுமதிக்குக் குறையாத பயணக் காப்புறுதி வேண்டும். மாமா வீட்டில் தங்குவதென்றால் மாமா தன் ஊர் 'மெரி'யில், அதாவது மாநகரசபை அலுவலகத்தில், 30 யூரோ முத்திரை கட்டி வரவேற்புச் சான்று எடுத்து அதன் மூலப்பிரதியை அக்காவுக்கு அனுப்பவேண்டும். மாமா வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்ட அழைப்புக் கடிதம் அந்த இடத்தில் ஏற்கப்படாது. விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்தத் தாளில்தான்.

இரண்டு நாளுக்கு இவ்வளவு செலவா என்று தோன்றும். ஆகவே விண்ணப்பத்தில் பலமுறை நுழைவு விசா கேளுங்கள், கொடுப்பது அவர்கள் விருப்பம். யூரோஸ்டார் லண்டனில் இருந்து இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேலே எடுக்கும். பிரெஞ்சுக் குடிவரவுச் சோதனை லண்டன் நிலையத்திலேயே நடக்கும், படம் எடுத்துக் கைரேகையையும் சரிபார்ப்பார்கள், நேரத்தோடு போகவேண்டும். கார் து நோர் நிலையத்தில் இறங்கினால் லாச்சப்பல் கடைகள் நடை தூரம்.

திரும்பும்போது பிரித்தானிய அனுமதியை இப்போது கணினியில்தான் பார்க்கிறார்கள். அக்கா இடையில் கடவுச்சீட்டைப் புதுப்பித்திருந்தால் புதிய இலக்கத்தை இணையக் கணக்கில் ஏற்றியிருக்கவேண்டும். அயர்லாந்தைப் பற்றியும் ஒரு சொல்: பிரித்தானியாவுக்குரிய பெல்பாஸ்டில் இருந்து அயர்லாந்தின் டப்ளினுக்குப் போகும் பாதையில் எல்லைக் காவல் கண்ணில் படாது. அதற்காக விசா தேவையில்லை என்று நினைக்கவேண்டாம். இலங்கையருக்கு அயர்லாந்து விசா தனியாக வேண்டும்.

கேள்வி: 15 யூரோவுக்கு விமானச் சீட்டுப் போடுகிறார்கள். எடுக்கலாமா?
- மாணவி, பருத்தித்துறை

பதில்: விமான நிலையத்தின் பெயரைப் பாருங்கள். 'பரிஸ் போவே' நகரில் இருந்து சுமார் 80 கிலோமீற்றர், 'பிராங்பேர்ட் ஹான்' சுமார் 120 கிலோமீற்றர். பஸ் கட்டணம் சீட்டின் விலையை எட்டிவிடும், சில நாளில் மிஞ்சியும்விடும். இலவசப் பை பெரும்பாலும் 40 × 30 × 20 சென்ரிமீற்றர், அதாவது பாடசாலைப் புத்தகப்பை அளவு. அம்மா தந்த ஊறுகாயும் சம்பலும் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் வரும். பல விமான நிலையங்களில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலை எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

பலர் விமானத்தைத் தவறவிடும் காரணம் வேறு. ரயன்எயார் போன்றவற்றில் ஐரோப்பியக் கடவுச்சீட்டு இல்லாதவர், ஷெங்கனுக்குள் பறந்தாலும், பாதுகாப்புச் சோதனைக்கு முன் ஆவணச் சரிபார்ப்பு மேசைக்குப் போகவேண்டும். போகாமல் விமானம் ஏறும் வாசலில் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள், திரும்பி ஓட நேரம் இருக்காது. புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே அந்த மேசையில் நில்லுங்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமை சைவம். விடுதியில் தங்கும்போது சாப்பாட்டுக்கு என்ன செய்யலாம்?
- மாணவி, நல்லூர்

பதில்: சமையலறை உள்ள ஹொஸ்டலைத் தெரிவுசெய்யுங்கள். ஆளுக்கு 80 கிராம் அரிசி, 40 கிராம் மைசூர்ப் பருப்பு, ஒரு சிறிய போத்தலில் கறித்தூள் கொண்டுபோனால் ஒரு நேரம் முடிந்தது. செத்தல் மிளகாய் போட்டுத் தாளிக்கமட்டும் வேண்டாம். அந்தப் புகைக்கு எச்சரிக்கைக் கருவி அடிக்கும், தீயணைப்பு வந்தால் செலவை உங்களிடம் கேட்கக்கூடும். தாளிதத்தை வீட்டிலேயே செய்து தனியாக எடுத்துப்போங்கள். ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் பூட்டு. சனி மாலைக்குள் வாங்குங்கள், தவறினால் பெரிய ரயில் நிலையக் கடைகள் திறந்திருக்கும்.

கேள்வி: மகளின் அட்டை முடிந்து புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறார். ஒரு தற்காலிகத் தாள் கொடுத்தார்களாம். அதோடு ஒல்லாந்து போகலாமா?
- தந்தை, மானிப்பாய்

பதில்: ஜேர்மனியில் என்றால், அந்தத் தாளில் எந்தப் பெட்டியில் புள்ளடி இட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஜேர்மன் வதிவிடச் சட்டத்தின் 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு என்றிருந்தால், முடிந்துபோன பழைய அட்டையையும் கடவுச்சீட்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு போய்வரலாம். 3ஆம் உட்பிரிவு என்றிருந்தால் நாட்டைவிட்டு வெளியே கால் வைக்கக்கூடாது, திரும்பி நுழைய அது உரிமை தராது. புதிய அட்டை தரும்போது பழையதைத் திருப்பி வாங்குவார்கள். அதுவரை பழையதை வீசவேண்டாம்.