செட் பிடிப்பதற்கு முன் ஒரு பேச்சு

கேள்வி: அண்ணா, நாங்கள் எட்டு பேர், எல்லோரிடமும் பழைய மோட்டார் பைக். ஆர்எக்ஸ் 100 நான்கு, யெஸ்டி இரண்டு, வலது கால் கியர் புல்லட் இரண்டு. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஸ்பேனரை எடுத்தாலே சண்டை. கணபதி பக்கம் ஒரு தகர செட் மாதம் 12,000 ரூபாய்க்கு வருகிறது. சேர்ந்து எடுத்து, அவரவர் வண்டியை அவரவரே பார்த்துக்கொள்ளலாம் என்று ஆசை. முதலில் என்னென்ன கருவி வாங்க வேண்டும்?
— ஒரு வாசகர், கோவை

பதில்: கருவி அப்புறம். முதலில் எட்டு பேரும் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயம் பேசி முடியுங்கள்: பிரித்துப் போட்ட வண்டி செட்டில் எத்தனை நாள் கிடக்கலாம்?

திருச்சியில் நாங்கள் ஆறு பேர் இப்படி ஒரு செட் வைத்திருந்தோம். ஒரு நண்பர் தன் யெஸ்டியை ரீபோர் பண்ண, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட, பிரித்தார். மைசூரில் யெஸ்டி தொழிற்சாலை 1996-லேயே மூடிவிட்டதால் நல்ல பிஸ்டன் உடனே கிடைக்கவில்லை. பதினோரு மாதம் சேசிஸ் ஒரு மூலையில், இன்ஜின் பெஞ்சின் மேல், டேங்க் பீரோ மேல். அவரிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை, ஏனென்றால் எல்லோரும் நண்பர்கள். அடுத்தவரும் பிரித்துப் போட்டார். வண்டியை நிறுத்தவே இடமில்லை என்றானதும், ஓடுகிற வண்டி வைத்திருந்தவர்கள் வருவதை நிறுத்தினார்கள், பிறகு வாடகை தருவதையும். எங்கள் செட்டை மூட வைத்தது இதுதான், பணமில்லாமல் மூடவில்லை. அதனால் 30 நாள் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நாள் தாண்டினால் பாகங்களைப் பெயர் எழுதிய பெட்டியில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விட வேண்டும். ஒரு பெஞ்ச் எப்போதும் காலியாக இருக்கட்டும்.

வாடகை ஆளுக்கு 1,500 வருகிறது. செட்டுக்கு வந்தாலும் வராவிட்டாலும் எல்லோருக்கும் ஒரே தொகை. மூன்று மாத வாடகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் சங்கமாகப் பதியலாம், உங்களுக்கு அந்த எண்ணிக்கை இருக்கிறது. பதிந்தால் வங்கிக் கணக்கும் வாடகை ஒப்பந்தமும் ஒரே ஆளின் தலையில் விழாது. அங்கே வண்டி வேலை நடக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வீட்டு மின் இணைப்பை வைத்து ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். வெளியாள் வண்டியைக் காசுக்குப் பார்க்கவும் வேண்டாம், அன்றிலிருந்து அது கடையாகிவிடும்.

சரி, கருவிக்கு வருவோம். சாதாரண ஸ்பேனர் செட் அவரவர் சொந்தம். பொதுவில் பாகத்தைக் கவ்விப் பிடிக்க பெஞ்ச் வைஸ், நட்டை அளவாக முறுக்க டார்க் ரெஞ்ச், காற்றுக்குக் கம்ப்ரசர், இன்ஜினில் இருக்கும் மேக்னட்டைக் கழற்ற மேக்னட் புல்லர், வண்டியைத் தூக்கி நிறுத்த ஒரு லிஃப்ட், இவை போதும். லேத் (கடைசல் இயந்திரம்) வாங்காதீர்கள். கோவையில் இருந்துகொண்டு லேத் வாங்குவானேன், பத்து நிமிட தூரத்தில் பட்டறை இருக்கும். பழைய புல்லட்டில் பல இடங்களில் இன்ச் அளவு நட்டுகள். மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டித் திருகினால் முனை மழுங்கிவிடும், இன்ச் ஸ்பேனர் செட்டைத் தனியாக வாங்குங்கள்.

வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கக் குழி மட்டும் வெட்டவே வெட்டாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது, குழியில் போய்த் தேங்கும், ஒரு பொறி போதும். டேங்கை வெளியே வைத்துத்தான் காலி செய்ய வேண்டும். வெல்டிங் இருக்கும் நாளில் பெட்ரோல் வேலை கிடையாது. வாசலில் பவுடர் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். பழைய பிரேக் லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், டிரம்மைக் கம்ப்ரசர் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கதவை மூடிவிட்டு இன்ஜினை ஓட விடாதீர்கள்.

இன்னொன்று. பிளக்கில் பொறி வரவைக்கும் பாயின்ட்டுக்கு இடைவெளி வைக்கவும், சத்தம் கேட்டே கார்ப்பரேட்டரைத் திருப்பவும் தெரிந்த மூத்த மெக்கானிக் ஒருவரை ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுங்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பாமல் நாள் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். அவர் கையில் இருக்கும் வித்தையைக் கற்றுக்கொள்ளும் இடமாக உங்கள் செட் ஆனால் எனக்கு அதைவிட சந்தோஷம் இல்லை.

கேள்வி: ஆர்எக்ஸ் 100-இல் ஆர்எக்ஸ் 135 இன்ஜினை நாங்களே மாற்றிக்கொள்ளலாமா?
— இன்னொரு வாசகர், சேலம்

பதில்: ஆர்டிஓ அனுமதி இல்லாமல் வேண்டாம். இன்ஜின் எண் ஆர்சி புத்தகத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதைத்தான் பேசுகிறது. வண்டி கைமாறும்போதும், விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும்போதும் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. செட்டுக்கு என்னோடு வர ஆசைப்படுகிறாள். நண்பர்கள் யோசிக்கிறார்கள்.
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கூட்டிப் போங்கள் அம்மா. மூடிய செருப்பு, கட்டிய முடி, கண்ணுக்குக் கண்ணாடி, இந்த மூன்றும் இருந்தால் போதும். முதல் நாள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துடைத்து, அவளையே மாட்டச் சொல்லுங்கள். கையால் திருகி உட்காரவைத்த பிறகே ஸ்பேனரைக் கொடுங்கள், இல்லையென்றால் மரை போய்விடும்.