சாமி மேடை விளக்கு எரியமாட்டேன் என்கிறது

கேள்வி: ஐயா, ஜார்ஜ்டவுனில் எங்கள் தாத்தா காலத்துக் கடைவீட்டின் உட்புறத்தை ஆயில் பெயிண்டில் வரைகிறேன். நடு முற்றத்து வெளிச்சம், பின்னால் சாமி மேடையில் காமாட்சி விளக்கு, கொஞ்சம் சாம்பிராணிப் புகை. எவ்வளவு மஞ்சள் போட்டாலும் விளக்கு எரிகிற மாதிரியே தெரியவில்லை. படம் முழுக்க மஞ்சள் கறை பிடித்துவிட்டது. என்ன செய்வது?
– வாசகர், பினாங்கு

பதில்: தம்பி, முதலில் அந்த மஞ்சளைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். முற்றத்துப் பக்கச் சுவருக்கு வெள்ளையும் துளி மஞ்சளும் கலந்து அடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சுண்ணாம்புச் சுவர் என்று தெரிந்துவிட்டால் எந்த வெளிச்சத்திலும் அது நமக்கு வெள்ளையாகவே தோன்றும். ஒரு வெள்ளைத் தாளைக் கூடாரம் மாதிரி மடித்து, ஒரு பக்கம் முற்றத்தையும் மறுபக்கம் விளக்கையும் பார்க்கும்படி வைத்துப் பாருங்கள். ஒரே தாள்தான், ஆனால் ஒரு பக்கம் நீலச்சாம்பல், மறுபக்கம் ஆரஞ்சு! எண்ணெய்த் திரியின் வெளிச்சம் 2000 கெல்வினை ஒட்டியது, நிழலில் விழும் நீல வானத்து வெளிச்சமோ 7000-ஐத் தாண்டும் (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் அலகு; எண் கூடக் கூட நிறம் குளிரும், அதாவது நீலத்துக்குப் போகும், இதில் பலர் குழம்புகிறார்கள்).

அதனால் அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த சாம்பலை நீலப் பக்கம் சாய்த்து, நீங்கள் நினைப்பதைவிட ஒரு படி இருட்டாகவே சுவருக்கு அடியுங்கள். சுடர் கிட்டத்தட்ட வெள்ளையாக இருக்கட்டும். ஆரஞ்சு அதைச் சுற்றித்தான், அதுவும் சீக்கிரம் மங்கிவிட வேண்டும், ஏனென்றால் தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும்.

எந்த நேரத்தில் உட்கார்ந்து வரைகிறீர்கள் என்று எழுதவில்லையே? நம் கடிகாரம் சூரியனைவிட முன்னால் ஓடுவதால் பினாங்கில் உச்சி வெயில் பன்னிரண்டுக்கு வராது, 1.15-ஐ ஒட்டித்தான் வரும். அப்போது வெயில் நேராக முற்றத்துச் செங்கல் தரையில் விழுந்து, அந்தச் சிவப்பு கூரை வரை ஏறிவிடும், விளக்கின் சூடு அதில் கரைந்து போகும். அது தனி அழகு, ஆனால் உங்கள் படத்துக்கு வேண்டாம். காலை எட்டு ஒன்பது மணிக்கு, வானம் தெளிந்த நாளில் உட்காருங்கள்.

அப்புறம் புகை. இருட்டுச் சுவருக்கு முன்னால் அது நீலமாகவும், முற்றத்து வெளிச்சத்துக்கு முன்னால் பழுப்பாகவும் தெரியும், ஒரே புகைதான். இருட்டுப் பகுதிக்கு நீலம் கலக்கவே தேவையில்லை: அடி வண்ணம் நன்றாகக் காய்ந்தபின் வெள்ளையைத் துளி எடுத்து, உலர்ந்த பிரஷ்ஷால் மெல்லிசாக இழுங்கள், தானாகவே நீலம் காட்டும்.