அமெரிக்க பேஸ்பால் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸின் வரலாற்றில் மறக்கவே முடியாத தருணம் எது?

என்னைக் கேட்டால் 2004 அக்டோபர்தான், அதிலும் ஒரு வீரர் அடுத்த பேஸுக்கு ஓடிய ஒரே ஒரு ஓட்டம்.

பின்னணி இது: 1918ல் வேர்ல்ட் சீரிஸ் (இறுதித் தொடர்) கோப்பையை வென்ற ரெட் சாக்ஸ், அடுத்த ஆண்டு முடிவில் நட்சத்திர வீரர் பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு விற்றுவிட்டது. அதன் பிறகு 86 வருடம் கோப்பையே இல்லை. 1986 இறுதித் தொடரில் நியூயார்க் மெட்ஸ் அணிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் ஒரே ஒரு அவுட் எடுத்தால் கோப்பை என்ற நிலைக்கு வந்தும், கடைசியில் ரெட் சாக்ஸ் வீரர் பில் பக்னரின் கால்களுக்கு நடுவே பந்து உருண்டு போய் ஆட்டமே கைவிட்டுப் போனது.

சரி, 2004க்கு வருவோம். இறுதித் தொடருக்குப் போக, அதே யாங்கீஸுடன் ஏழு ஆட்டத் தொடரில் 0-3 என்று பின்தங்கியாயிற்று, இன்னும் ஒன்று தோற்றால் வெளியே; மூன்றாவது ஆட்டத்தில் 19-8 என்று செம அடி. நான்காவது ஆட்டத்தில், வழக்கமாகக் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-3 என்று பின்தங்கியிருக்கும்போது எதிரில் பந்து வீசுபவர் மரியானோ ரிவேரா, கடைசி நேரத்தில் அவரை அடிப்பது அவ்வளவு கஷ்டம். கெவின் மில்லருக்குப் பதில் ஓட வந்த டேவ் ராபர்ட்ஸ், இரண்டாவது பேஸைத் திருடுவார் (பந்தை யாரும் அடிக்கும் முன்பே அந்த பேஸுக்கு ஓடிவிடுவார்) என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும், ரிவேராவுக்கும் தெரியும், அப்படியும் ஓடி நூலிழையில் தப்பினார். பில் முல்லர் அடித்தார், ஆட்டம் சமன். 12வது இன்னிங்ஸில் டேவிட் ஓர்டிஸின் ஹோம் ரன், ரெட் சாக்ஸுக்கு வெற்றி.

அந்த ஆட்டத்தையும் சேர்த்து வரிசையாக எட்டு வெற்றி, கோப்பையும் வந்தது. அந்த இறுதித் தொடரில் ராபர்ட்ஸ் ஒரு ஆட்டத்தில்கூட களமிறங்கவில்லை.