புல் செதுக்கப் போனேன், அவ்வளவுதான்

கஷ்ட காலத்தில் கடவுளிடம் அடைக்கலமும் சந்தோஷமும் நிஜமாகவே கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்’ என்று யாரோ சொல்லி உங்களை எரிச்சலூட்டியிருக்க வேண்டும். என்னிடமும் சொன்னார்கள்.

எனக்குப் பண்ருட்டிப் பக்கம். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பு வேரோடு சாய்ந்தது. தாத்தா வைத்த பலா மூன்றும் போயின. ஒட்டுக்கன்று வைத்தாலும் சொல்லிக்கொள்கிற மாதிரி காய்க்க வருஷக்கணக்காகும். நகையோ அடகில் இருந்தது.

சேதம் கணக்கெடுக்க வந்தவர் ரோட்டோரத் தோப்புகளோடு திரும்பிவிட்டார். உள்ளே தள்ளியிருந்த எங்களுடையது ‘பகுதி சேதம்’ ஆனது. நின்ற மரம் ஒன்றையாவது காட்டியிருக்கலாம். இன்றைக்கும் வயிறு எரிகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அக்காதான் திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில் உழவாரப் பணிக்கு, அதாவது கோயிலைச் சுத்தம் செய்கிற தொண்டுக்கு, கூப்பிட்டாள். “சாமியெல்லாம் கும்பிட மாட்டேன்” என்றேன். “கும்பிடாட்டி போ. ஆள் குறையுது, வந்து புல்லைச் செதுக்கு” என்றாள்.

பிராகாரத்தில் குனிந்து செதுக்கிக்கொண்டிருந்தபோது உள்ளே ஓதுவார் ‘கூற்றாயினவாறு’ பாடினார். சூலை என்கிற வயிற்று வலியில் துடித்த அப்பர், தமக்கை திலகவதியார் கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு இதே கோயிலில் பாடிய பதிகம். சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். அன்றைக்குத்தான் வார்த்தை காதில் விழுந்தது. எமன் மாதிரி வந்த நோயை ‘விலக்ககிலீர்’, விலக்க மாட்டேன் என்கிறீரே என்று மனுஷர் எடுத்த எடுப்பிலேயே சண்டைக்குப் போகிறார்! மன்னன் அடைத்துவைத்த சுண்ணாம்புக் காளவாய்க்குள் இருந்துகொண்டு வீணையும் நிலவும் தென்றலும் என்று அவர் பாடியதெல்லாம் அப்புறம்தான். முதலில் முறையீடு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. சண்டை போடுகிறவனுக்கும் இங்கே இடம் இருக்கிறது என்றுதான் தோன்றியது.

பகுத்தறிவு நண்பர்கள் பாய வேண்டாம். மரம் எழுந்து நின்றது என்றோ கடன் தீர்ந்தது என்றோ நான் சொல்லவில்லை. உடம்பு அலுத்ததில் வந்த நிம்மதி என்பீர்களானால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதே உடம்பு தோப்பில் விறகு வெட்டியும் அலுத்தது, அங்கே சிரிப்பு வரவில்லை.

இப்போதும் மாதம் ஒரு ஞாயிறு போகிறேன். சில நாள் வேலை முடிந்ததும் சன்னிதிக்குள் போகாமலே வீடு திரும்பிவிடுகிறேன். அதற்கும் அக்கா திட்டுகிறாள்.