பகடிவதை செய்யும் பிள்ளைக்கும் மனக்கஷ்டம் இருக்குமா?
கோலாலம்பூர் செந்தூலில் படிவம் 2 (14 வயது வகுப்பு) படிக்கும் மகன் வகுப்புப் பையன்களைச் சீண்டுகிறான் என்று பள்ளியில் சொன்னார்களாம். வீட்டில் சாதுவான பிள்ளை, இது திமிரா, மனக்கஷ்டமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் இருக்கலாம். வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, தன்னைவிட எளியவரை நோகடிப்பதுதான் பகடிவதை. ஒருநாள் சண்டை அதில் சேராது. முதலில் ஒன்றைப் பாருங்கள்: அவனையும் யாராவது வதைக்கிறார்களா? அடி வாங்கி, அடியும் கொடுக்கும் பிள்ளைகளிடம்தான் பதற்றமும் மனச்சோர்வும் அதிகம். இந்த வயதில் கவலை பல நேரம் அழுகையாக வராது, எரிச்சலாக வரும். தூக்கம் கெடுகிறதா, கைப்பேசி ஒலித்ததும் முகம் மாறுகிறதா என்று கவனியுங்கள். ரோத்தான் பிரம்பை எடுக்காதீர்கள் (நம் வீடுகளில் அதுதான் முதலில் கைக்கு வரும்!). பள்ளி ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். 15999 என்ற மலேசிய அரசு உதவி எண்ணும் 24 மணி நேரமும் உண்டு. அப்புறம், அடிபட்ட பையனின் பெற்றோரிடம் நீங்களே முதலில் பேசிவிடுங்கள்.