கேட்டதும் கிடைத்ததும்: நெரிசலுக்கு விலை வைத்த வில்லியம் விக்ரி

(பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியர்)

நோபல் பரிசு அறிவித்த மூன்றாம் நாளே ஒருவர் இறந்துபோனாராமே, யார் ஐயா அவர்?
வாசகி, கும்பகோணம்

வில்லியம் விக்ரி. நெரிசல் நேரத்தில் சாலையில் போகும் வண்டிக்குக் கட்டணம் வாங்கலாம் என்று சொன்ன பொருளாதார அறிஞர். கனடாவின் விக்டோரியா நகரில் 1914-ல் பிறந்தவர். பாடம் நடத்தியது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில். 1996 அக்டோபர் 8-ம் தேதி பரிசு அறிவிப்பு வந்தது. 11-ம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு மாநாட்டுக்குத் தானே கார் ஓட்டிக்கொண்டு கிளம்பியவர், வழியில் மாரடைப்பில் போய்விட்டார். வயது 82. இறந்தவர்களுக்கு நோபல் கிடையாது; ஆனால் அறிவித்த பிறகு இறந்தால் பரிசைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சாலையில் போகிறவனிடம் காசு வாங்கச் சொன்னதற்கா பரிசு கொடுத்தார்கள்?
வாசகர், ஈரோடு

கோபம் புரிகிறது. ஆனால் பரிசு அதற்கில்லை. ஏலத்தில் ஒவ்வொருவரும் தன் மனதில் உள்ள விலையை மறைக்காமல் சொல்ல என்ன செய்யலாம் என்று 1961-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதிக விலை கேட்டவருக்கே பொருள். ஆனால் அவர் கொடுக்க வேண்டியது இரண்டாவதாக வந்தவர் கேட்ட விலை. பரிசுக்கு முக்கியக் காரணம் இந்த வகை வேலைதான். பிரிட்டனின் ஜேம்ஸ் மிர்லீஸுடன் பகிர்ந்துகொண்டார். விக்ரிக்கோ அந்தக் கட்டுரை மேல் பெரிய மதிப்பு கிடையாது. பரிசால் கிடைத்த கவனத்தை வைத்து வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றிப் பேசத்தான் ஆசைப்பட்டார். என்னைக் கேட்டால், அவர் பெயர் நிலைப்பது போக்குவரத்தில்தான்.

நெரிசல் கட்டணம் என்பதே அரசாங்கம் பணம் பிடுங்க ஒரு சாக்குதானே? நீங்கள் ஏன் ஆதரிக்கிறீர்கள்?
வாசகர், மதுரை

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இதற்கு நான் வகுப்பில் கரும்பலகை முழுக்க எழுதியிருக்கிறேன்.

ஒரு பாலம். மணிக்கு 1,000 வண்டிதான் தாண்டும். காலை ஒன்பது மணிக்கு ஆபீசில் இருக்க வேண்டும் என்று 2,000 பேர் வருகிறார்கள். என்ன ஆகும்? வரிசை நிற்கும். சிலர் சீக்கிரமே கிளம்பிவந்து ஆபீசில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சிலர் ஒன்பதுக்குச் சரியாகப் போய்ச் சேர ஆசைப்பட்டு வரிசையில் வேகுவார்கள். அந்த வரிசையில் நிற்பதும் ஒரு விலைதான். பாலத்தை நல்ல நேரத்தில் தாண்டுவதற்கு நீங்கள் ஏற்கெனவே விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், ரூபாயாக இல்லாமல் நிமிஷமாக.

1969-ல் விக்ரி கேட்டது இதுதான். அந்த நிமிஷங்களுக்குச் சமமான தொகையை, நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும் கட்டணமாக வைத்தால்? ஒன்பதை ஒட்டி வருபவருக்கு அதிகம், ஏழரைக்கு வருபவருக்கு ஒன்றுமில்லை. ஆட்கள் தாமாகவே பிரிந்து வருவார்கள். பாலம் அதே 1,000 வண்டியைத்தான் விடும், எல்லோரும் அதே நேரத்துக்குத்தான் போய்ச் சேருவார்கள், வரிசை மட்டும் இருக்காது. எல்லோரும் ஒரே மாதிரி ஆட்கள் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் முன்பைவிட நஷ்டமில்லை. நிமிஷமாகக் கொடுத்ததைக் காசாகக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். இங்கேதான் விஷயம் இருக்கிறது: வரிசையில் போன நிமிஷம் யாருக்கும் கிடைக்காது, புகையோடு போச்சு. காசு அப்படிப் போகாது, பொதுவில் சேரும். அதை வைத்து ரயில் விடலாம்.

நம் சுங்கச்சாவடி இதில் சேராது. அதிகாலை மூன்று மணிக்கும் காலை ஒன்பதுக்கும் அங்கே ஒரே கட்டணம். சாலை போட்ட செலவை எடுக்கும் ஏற்பாடு அது. விக்ரி அதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

கம்ப்யூட்டர் பரவாத அந்தக் காலத்தில் ஓடுகிற வண்டியிடம் எப்படி வசூலிக்க நினைத்தார்?
மாணவி, கோவை

நல்ல கேள்வி. 1950-களின் தொடக்கத்தில் அவர் கை வைத்தது சாலையில் இல்லை, நியூயார்க் சுரங்க ரயிலில். எவ்வளவு தூரம் போனாலும், எந்த நேரத்தில் போனாலும் அப்போது பத்து சென்ட்தான். தூரத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப மாற்றுங்கள் என்று நகர நிர்வாகத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தார். அரசியல்வாதிகள் தொடவில்லை.

1959-ல் வாஷிங்டன் நகரப் போக்குவரத்து பற்றிய நாடாளுமன்றக் குழுவின் முன்னால் சாலைக்கு வந்தார். ஒவ்வொரு காரிலும் ஒரு சின்ன மின்னணுக் கருவி. சாலையோரத்தில் அதைப் படிக்கும் கருவி. மாதக் கடைசியில் டெலிபோன் பில் மாதிரி வீட்டுக்கு ஒரு பில். கேட்டவர்கள் நம்பவில்லை. மனிதர் சும்மா இருக்கவில்லை. மூன்று டாலர் அளவு செலவில் எளிய ரேடியோ கருவி ஒன்றைச் செய்து தன் காரில் மாட்டினார். வீட்டு வாசலில் கார் நுழையும்போதும் வெளியே போகும்போதும் அது பதிவாகும்படி செய்து, வந்தவர்களிடம் அந்தப் பட்டியலைக் காட்டினார். பேராசிரியர்களில் பாதிப் பேர் அறிக்கை எழுதியதோடு கை கழுவிவிடுவோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இங்கே ஈஆர்பி (மின்னணுச் சாலைக் கட்டண) வளைவைத் தாண்டும்போதெல்லாம் காசு கழிகிறது. அதற்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டா?
வாசகர், சிங்கப்பூர்

உண்டு. நெரிசல் கட்டணத்தின் தந்தை என்றே அவரைச் சொல்வார்கள். உலகத்தில் முதலில் துணிந்தது உங்கள் ஊர்தான், 1975-ல். காலை நேரத்தில் நகர மையத்துக்குள் நுழைய வேண்டுமானால் நாளுக்கு மூன்று வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்துக் காகித உரிமம் வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். அந்த நேரத்தில் உள்ளே நுழைந்த வண்டிகள் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. 1998-ல் வந்த மின்னணு வளைவுகள்தான் விக்ரி 1959-ல் சொன்னதற்கு நெருக்கமானவை: நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறும், வண்டி நிற்க வேண்டியதில்லை.

பிறகு 2003-ல் லண்டன். 2006-ல் ஸ்டாக்ஹோம் ஏழு மாதம் சோதித்துப் பார்த்தது. முதலில் எதிர்த்த ஜனங்களே பலனைப் பார்த்துவிட்டு வாக்கெடுப்பில் ஆதரித்தார்கள். அவர் பாடம் நடத்திய ஊரான நியூயார்க்கோ 2025 ஜனவரி 5 வரை இழுத்தடித்தது. மன்ஹாட்டனில் 60-ம் தெருவுக்குத் தெற்கே நுழையும் காருக்குப் பகலில் ஒன்பது டாலர்.

ஆள் நேரில் எப்படி? கணக்கே கதி என்று இருப்பவரா?
வாசகி, தஞ்சாவூர்

விசித்திரமானவர். புறநகரிலிருந்து ரயிலில் வந்து, நிலையத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு ரோலர் ஸ்கேட்டில் உருண்டு போவாராம். கருத்தரங்குகளில் கண்ணை மூடித் தூங்குவார். திடீரென்று விழித்துக் கேட்கும் கேள்வியில் பேச்சாளர் ஆடிப்போவார். போரை எதிர்க்கும் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதால் இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்.

பணக்காரன் காசை வீசிவிட்டுப் பறப்பான். ஏழை என்ன செய்வான்? விக்ரி இதை யோசித்தாரா?
வாசகர், திருநெல்வேலி

யோசிக்காதவர் இல்லை; வருமானத்துக்கேற்ப வரி ஏற வேண்டும் என்று வாதாடியவர். நெரிசலில் மாட்டிய பேருந்தில் நிற்பவர்களையும் எண்ணிப் பாருங்கள், அங்கே ஏழைதான் அதிகம்.

ஆனாலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவர் கணக்கில் எல்லோராலும் நேரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்திக்கொள்ள முடியும். பேராசிரியரால் முடியும். காலை ஷிப்டுக்குப் போகும் நர்ஸம்மாவுக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் வேறொருவர் குறித்த நேரம்தான் நேரம். அதனால் ரயிலிலும் பேருந்திலும் நெரிசல் நேரக் கட்டணத்தை ஏற்ற வேண்டும் என்ற அவர் யோசனை எனக்கு உடன்பாடில்லை. காருக்கு என்றால் சரி, அதுவும் லண்டன் செய்த மாதிரி. அங்கே கட்டணம் தொடங்கிய அன்றே கூடுதலாகச் சுமார் 300 பேருந்துகளைச் சாலையில் விட்டார்கள். நம் ஊரில் படிக்கட்டில் ஆள் தொங்கிக்கொண்டிருக்கும்போது கட்டணத்தை மட்டும் கொண்டுவந்தால், உங்கள் பக்கம்தான் நிற்பேன்.